வாசகர் கேள்வி பதில்: அப்பா எழுதி வச்ச அஞ்சு நம்பர்

கேள்வி: அப்பா போனப்புறம் பரணை ஒழிக்கறப்ப ஒரு டிரங்குப் பெட்டில இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கற பழைய வீட்டு கம்ப்யூட்டருக்கான மெஷின் கோட் (ப்ராசசருக்கு நேரா நம்பராவே குடுக்கற கட்டளை) கைடு ஒண்ணு கிடைச்சுது. கம்ப்யூட்டர் எப்பவோ போயிடுச்சு. ஒரு பக்க ஓரத்துல பென்சில்ல 62, 2, 211, 254, 201னு எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கார். அது என்ன? புத்தகத்தை பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: தயவுசெஞ்சு போட்டுடாதீங்க சார். அந்த அஞ்சு நம்பரும் சேர்ந்து ஒரு முழு ப்ரோக்ராம், உங்கப்பா எழுதினது. 62ன்னா அடுத்து வர்ற நம்பரை ஏ ரெஜிஸ்டர்ல (ப்ராசசருக்குள்ள நம்பர் வைக்கற ஒரு சின்ன இடம்) போடுன்னு அர்த்தம், 2 சிவப்பு கலர், 211ன்னா ஏ-ல இருக்கறதை போர்ட்டுக்கு (ப்ராசசர் வெளிய பேசற வாசல்) அனுப்பு, 254 அந்த போர்ட்டோட நம்பர், டிவி படத்தைச் சுத்தி வர்ற பார்டரோட கலர் அது வழியாத்தான் மாறும். கடைசில 201, வேலை முடிஞ்சுது, மெஷினோட வழக்கமான மொழியான பேசிக்குக்கே திரும்பிப் போ.

1982ல வந்த மெஷின் அது, உள்ள இசட்80 ப்ராசசர். கட்டளையை நம்பரா மாத்தித் தர்ற அசெம்பிளர்ங்கற ப்ரோக்ராம் இல்லாதவங்க இப்படித்தான் பேப்பர்ல கட்டளையை எழுதி, டேபிள் பார்த்து ஒவ்வொண்ணா நம்பரா மாத்துவாங்க. மெஷினோட குடுத்த மேனுவல் பின்னாடியே 0லேருந்து 255 வரைக்கும் எந்த நம்பர் எந்த கட்டளைன்னு பட்டியல் இருக்கும். நெட்ல தேடி எடுக்கற பதிலுக்கும் ஒருத்தர் பென்சிலும் கையுமா உக்காந்து கண்டுபிடிச்ச பதிலுக்கும் எவ்ளோ வித்தியாசம்! அடிக்கோடு போட்ட அன்னிக்கு டிவி ஓரம் சிவப்பாயிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

நீங்களும் பாக்கலாம். லேப்டாப்ல ஃபியூஸ்னு ஒரு எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரியே நடந்துக்கற ப்ரோக்ராம்) இலவசமா கிடைக்குது, அதுல 48கே மாடலை எடுத்துக்கோங்க (16கே-ல ராம் 32767லயே முடிஞ்சிடும்). முதல்ல கிளியர் 32767 குடுங்க (அதுக்கு மேல இருக்கற மெமரியை பேசிக் தொடாது), அப்புறம் 32768லேருந்து 32772 வரைக்கும் அஞ்சு நம்பரையும் வரிசையா போக் பண்ணுங்க (போக்னா மெமரில ஒரு இடத்துல ஒரு நம்பரை வைக்கறது), கடைசில ராண்டமைஸ் யூஎஸ்ஆர் 32768, அங்கேருந்து ப்ரோக்ராமை ஓட்டுன்னு அர்த்தம். போக்னு எழுத்து எழுத்தா அடிக்க வேணாம், ஓ கீயை ஒரு தட்டு தட்டினா முழு வார்த்தையும் வந்துடும். பார்டர் சிவப்பாகும், ஆனா அடுத்த கீயைத் தொட்டதும் பழைய கலருக்கே போயிடும், பயப்படாதீங்க, நீங்க எதுவும் தப்பா பண்ணல. கீ தட்டினா வர்ற அந்த டிக் சத்தமும் அதே 254 போர்ட் வழியாத்தான் போகுது, அப்ப ராம்ல 23624ல இருக்கற பழைய கலரையும் ரோம் (மெஷின்லயே பதிஞ்சிருக்கற ப்ரோக்ராம்) எடுத்து சேர்த்தே அனுப்பிடும். சிவப்பு நிக்கணும்னா 23624ல 16ஐ போக் பண்ணுங்க.

பென்சில் எழுத்து அழியறதுக்கு முன்னாடி எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. லஸ் கார்னர்லயோ அல்லிக்குளத்துலயோ பழைய புத்தகக் கடைல இன்னொரு காப்பி மாட்டினாலும் அதுல உங்கப்பா கையெழுத்து இருக்காதே.

கேள்வி: பழைய புத்தகத்துலேருந்து கமோடோர் 64ங்கற பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு ப்ரோக்ராம் பார்த்து அடிச்சேன், 'அவுட் ஆஃப் டேட்டா'ன்னு வருது. புத்தகமே தப்பா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: முதல்ல டேட்டா லைன்லாம் (டேட்டான்னு ஆரம்பிச்சு நம்பரா வர்ற வரிகள்) எண்ணிப் பாருங்கம்மா, ஒரு நம்பர் விட்டுப் போயிருக்கும், இல்லன்னா கமா இடத்துல புள்ளி விழுந்து ரெண்டு நம்பர் ஒண்ணாயிருக்கும். கமாவே விட்டிருந்தா ரெண்டு நம்பரும் ஒட்டி, ஒரு பைட்டுக்கு உச்சமான 255ஐப் பெரும்பாலும் தாண்டி வேற எரர்தான் வரும். ரன் குடுக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிடுங்க, ஒரு பைட் தப்பானாலும் மெஷின் ஹேங் ஆகி அடிச்சதெல்லாம் போயிடும்.