ட்ரோன் கேள்வி-பதில்: வானத்தில் சுவர் ஏது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அகல லென்ஸ், அதைவிடவும் அகலமாகப் பார்த்து நேர்கோட்டை வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸ் பற்றித்தான். எல்லோரும் ஒரே கடையில் வாங்கினீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இந்த முறை அதையே பேசிவிடுவோம்.

அகல லென்ஸ் மாட்டி எங்கள் ஊர் ஏரியை எடுத்தேன். நேரான கரை வில்லாக வளைந்து தெரிகிறது. லென்ஸ் பழுதா? (வாசகர், மதுராந்தகம்)

பழுது இல்லை, அதன் சுபாவமே அதுதான். என் முதல் ட்ரோனின் கேமராவுக்கு 140 டிகிரி பார்வை. அதில் மாமா ஊர் ஏரியை எடுத்துப் பொங்கலன்று அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பெருமையாகப் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, எங்கள் கரை எந்த வெள்ளத்தில் இப்படி வளைந்தது?” என்று கேட்டார். அந்தக் கரையில் ஐம்பது ஆண்டுகளாக நடப்பவர். நான் வாயைத் திறக்கவில்லை.

படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு மீன்கண் லென்ஸிலும் நேராகவே இருக்கும். கோடு படத்தின் மேல்பாதிக்குப் போனால் குடைபோல் மேலே வளையும். கீழ்ப்பாதிக்கு வந்தால் தூளிபோல் தொய்யும். ஆகவே கரையையோ தொடுவானத்தையோ நடுவில் வைத்து எடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேமராவை மேலும் கீழும் சாய்த்தால் குடை தூளியாகி, தூளி குடையாகி, பார்ப்பவருக்கு வயிற்றைப் பிரட்டும். பிறகு மென்பொருளில் நேராக்கலாம். ஆனால் அப்போது மூலைகள் இழுபட்டுத் தெளிவு குறையும். ஓரத்தையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பங்கை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

கோபுரமும் தெப்பக்குளமும் ஒரே படத்தில் வர வேண்டும். எந்த அகல லென்ஸ் வாங்கலாம்? (வாசகர், கும்பகோணம்)

எதையும் வாங்காதீர்கள். சன்னதித் தெருவில் நின்று எடுப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் பாத்திரக்கடைச் சுவர் இருக்கிறது. அதற்கு மேல் பின்னால் போக முடியாது என்பதால்தான் அகல லென்ஸைத் தேடுகிறார். வானத்தில் உங்களுக்குப் பின்னால் எந்தச் சுவர் இருக்கிறது? ஐம்பது மீட்டர் பின்னால் போங்கள். கோபுரமும் குளமும் தாமாகவே படத்துக்குள் வந்துவிடும், அளவும் கெடாது.

இன்னொன்று. கோபுரம் இயல்பிலேயே மேலே போகப்போகக் குறுகும் கட்டடம். அதை உயரத்திலிருந்து, அகல லென்ஸில், கேமராவைக் கீழே சாய்த்து எடுத்தால் உச்சி பருத்து அடி சிறுத்துப் பம்பரமாகிவிடும். சிற்பி பார்த்தால் அழுவார். கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ட்ரோனைக் கொண்டுபோய், கேமராவைச் சாய்க்காமல் நேராக வைத்து எடுத்துப் பாருங்கள். தரையில் நிற்பவருக்குக் கிடைக்காத கோணம் அது. அதற்கும் மேல் அகலம் வேண்டுமென்றால், நின்ற இடத்திலேயே ட்ரோனைத் திருப்பித் திருப்பி நான்கைந்து படம் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பத்து ஏக்கர் தென்னந்தோப்பில் மரங்களை எண்ண வேண்டும். அகல லென்ஸ் இருந்தால் படங்களின் எண்ணிக்கை குறையும் அல்லவா? (வாசகர், பொள்ளாச்சி)

குறையும். கணக்கு எளிது. ட்ரோன் பறக்கும் உயரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள் (35 மி.மீ. கேமராவுக்குச் சமமானது என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்). கேமரா நேர் கீழே பார்க்கும்போது தரையில் எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்பது கிடைக்கும். 120 மீட்டர் உயரத்தில் 24 மி.மீ. லென்ஸுக்கு 180 மீட்டர், 16 மி.மீ. லென்ஸுக்கு 270 மீட்டர். பத்து ஏக்கர் என்பது ஏறக்குறைய இருநூறுக்கு இருநூறு மீட்டர். ஆக, உங்கள் தோப்பு கிட்டத்தட்ட ஒரே படத்தில் அடங்கும். ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் மரத்தை எண்ண முடியாது. நடுவில் இருக்கும் தென்னையின் உச்சியைத்தான் கேமரா பார்க்கிறது. ஓரத்தில் இருப்பதைப் பக்கவாட்டில் பார்க்கிறது. அது வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததுபோல் தெரியும். 16 மி.மீ. லென்ஸில், படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் நிற்கும் 15 மீட்டர் தென்னையின் தலை, அடிமரத்திலிருந்து ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளித் தெரியும். நீங்கள் நட்டிருக்கும் இடைவெளி 25 அடி, அதாவது ஏழரை மீட்டர்தானே? ஒரு மரத்தின் தலை அடுத்த இரண்டு மரங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. எதை எண்ணுவீர்கள்? 24 மி.மீ. லென்ஸையே வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வரிசையாகப் பறந்து எடுங்கள். படங்களை ஒட்டும்போது ஓரங்களை விட்டு நடுப்பகுதிகளிலிருந்து எண்ணுங்கள். ஒரு பேட்டரி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். மீன்கண் லென்ஸில் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், வரைபட மென்பொருளில் ‘மீன்கண்’ என்ற கேமரா வகையைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் தட்டையான தோப்பு கிண்ணமாகக் குழிந்து வரலாம்.

என் ட்ரோனின் எடை 249 கிராம். கிளிப் லென்ஸ் மாட்டலாமா? (வாசகி, மதுரை)

கேமராவின் முன்னால் கவ்விக்கொள்ளும் அந்தக் கூடுதல் லென்ஸை மாட்டிய கணத்தில் 250 கிராமைத் தாண்டிவிடுவீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரைதான் நானோ வகை. அதற்கு மேல் மைக்ரோ. அது போகட்டும், கேமராவைத் தாங்கும் கிம்பலின் மோட்டார்கள் விரல்நுனி அளவுதான். முன்னால் நான்கைந்து கிராம் தொங்கினாலே அவை திணறும், படம் நடுங்கும். உங்கள் மாடலுக்கென்றே செய்த லென்ஸானால் சரி. பொதுவான கிளிப் வேண்டாம். என்னுடைய ஒன்று ஒரு கிணற்றில் கிடக்கிறது.

அப்படியென்றால் எஃப்பிவி ட்ரோன்களில் மட்டும் ஏன் அவ்வளவு அகலம்? (வாசகர், கோவை)

நியாயமான கேள்வி. எஃப்பிவி என்றால் கண்ணில் திரை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா பார்ப்பதையே பார்த்து ஓட்டுவது. அந்த வகையில் ஒன்றான டிஜேஐ அவாட்டாவின் பார்வை 155 டிகிரி. அந்த வகை ட்ரோன்களுக்குப் பின்னால் சுவர் இல்லை, முன்னால் இருக்கிறது. கதவு வழியாக நுழையும்போது இரண்டு பக்க நிலையும் கண்ணில் பட வேண்டும். பக்கத்தில் இருப்பவை ஓரங்களில் விர்ரென்று பின்னோக்கி ஓடுவதால் வேகமும் இரட்டிப்பாகத் தோன்றும். ஆனால் அகலம் கூடக்கூடத் தொலைவில் இருப்பவை சிறுக்கும். மின்கம்பி ஒரு பிக்சல்கூட இல்லாமல் மறைந்து, முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். வயல்வெளியில் ஓட்டுகிறவர்கள் முதலில் கம்பங்களைத் தேடுங்கள். இரண்டு கம்பங்கள் இருந்தால் நடுவில் கம்பி இருக்கும்.

மீன்கண் என்ற பெயர் எப்படி வந்தது? (பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு ஒளி விலகலால் வானம் முழுவதும் சுமார் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் தண்ணீர் நிரப்பிய கேமராவில் அதைப் படமாக்கிக் காட்டி, 1906-இல் இந்தப் பெயரை வைத்தார். 1924-இல் ராபின் ஹில் அமைத்த வான்லென்ஸ், மேகங்களைப் படமெடுப்பதற்காகத் தரையில் அண்ணாந்து வைக்கப்பட்டது. நாம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேகத்தின் பக்கத்திலிருந்து தரையைப் பார்க்கிறோம்.

செவ்வாயில் பறந்த ஹெலிகாப்டரிலும் அகல லென்ஸ் இருந்ததாமே? (வாசகர், திருநெல்வேலி)

இருந்தது. இன்ஜெனுயிட்டி என்ற அந்த ஹெலிகாப்டரின் அடிப்பக்கத்தில் தரையைப் பார்த்தபடி ஒரு கறுப்பு-வெள்ளைக் கேமரா. 640-க்கு 480 பிக்சல், 133 டிகிரி அகலம். சில படங்களின் ஓரத்தில் அதன் கால்களே தெரியும். நம் கல்யாண வீடியோக்காரர் அந்தப் படத்தை வாங்கவே மாட்டார். ஆனால் அது அழகுக்காக எடுத்த படம் இல்லை. பறக்கும் உயரம் பெரும்பாலும் பத்து மீட்டர்தான். அங்கே வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் கிடையாது. தரையிலுள்ள கல்லும் பள்ளமும் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துத்தான் தன் வேகத்தைத் தெரிந்துகொண்டது. தாழப் பறக்கும்போது ஒரு கல் படத்தை விட்டு ஓடிவிடாமல் சற்று நேரம் தங்க, அந்த அகலம் உதவியது. 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாக எழும்பியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பியது 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று கடைசியாகப் பறந்த இடத்தில் கல்லே இல்லை, மணல் அலைகள் மட்டும். எதை வைத்து வேகத்தைக் கணிப்பது என்று தெரியாமல் தடுமாறி இறங்கி, இறக்கைகள் உடைந்து அங்கேயே நிற்கிறது.