44 என்றால் மாட்டலாம், 34 என்றால் முடியாது

கேள்வி: என் பழைய எம்டிபி (மலை சைக்கிள்) ஃபிரேமில் ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் நுழையும் முன்குழாய், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். டேப்பர்டு ஸ்டீரர் (மேலே ஒல்லியாகவும் கீழே தடிமனாகவும் உள்ள தண்டு) உள்ள சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறது. மாட்டுமா?

பதில்: பழைய ஹெட்செட் கப்புகளை (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் உட்காரும் கிண்ணங்களை) கழற்றிவிட்டு, டியூபின் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்தால் வாய் கோணியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். 34 மி.மீ. என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். டேப்பர்டு ஸ்டீரரின் அடிப்பகுதியே 38 மி.மீ.க்கு மேல், உள்ளே நுழையாது. 44 என்றால் கவலையில்லை.

மேலே இசட்.எஸ். 44/28.6, கீழே இ.சி. 44/40 என்று கேட்டு வாங்குங்கள். முதல் எண் ஃபிரேமுக்கு, அடுத்தது ஃபோர்க்குக்கு. இசட்.எஸ். கப் டியூபுக்குள் அடங்கிவிடும். இ.சி. கப் வெளியே நிற்கும். அதனால்தான் 44க்குள் அடங்காத பெரிய பேரிங்குக்கு இடம் கிடைக்கிறது.

செகண்ட்ஹேண்ட் என்றீர்களே, அங்கேதான் இடிக்கும். முந்தைய ஆள் ஸ்டீரரைத் தன் ஃபிரேமுக்கு வெட்டியிருப்பார். ஹெட் டியூப் 120, கீழ்க் கப் 12, மேல் கப் 8, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 40 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 180. ஸ்டீரர் அதைவிட 3 மி.மீ. குறைவாக, 177 இருக்க வேண்டும். 165 என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கீழ்க் கப் வெளியே நிற்பதால் முன்பக்கம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும், ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) அரை டிகிரி சாயும். இறக்கத்தில் அது நல்லதுதான். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் கொஞ்சம் அலையும்.

கப்பைச் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம். கோணலாக இறங்கினால் டியூபின் வாய் கெட்டுவிடும். கிரீஸ் தடவி, திரெட் ராடு (மரைக் கம்பி), வாஷர், நட் வைத்து ஒவ்வொரு கப்பாக இறுக்குங்கள். விளிம்புக்கும் டியூபுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

கேள்வி: ஸ்டீரரின் மேல்மூடி போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் முன்பிரேக் பிடித்து ஆட்டினால் ‘டக்’ என்கிறது. ஏன்?

பதில்: ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தாமல் இறுக்கியிருப்பீர்கள். முதலில் அவற்றைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் திருகி, பிறகு ஸ்டெம்மை அதில் எழுதியுள்ள டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்குங்கள். ஃபோர்க்கைப் பிடித்திருப்பது ஸ்டெம்தான், மேல்மூடி அல்ல. ஸ்டீரர் ஸ்டெம்முக்குச் சமமாக நின்றால் மூடி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், பேரிங்கை அழுத்தாது, 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவளையம்) ஒன்று போடுங்கள்.

அப்படியும் ஆடினால், கீழ்க் கப்பும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆட்டுங்கள். அங்கே அசைவில்லை என்றால் ஹெட்செட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்தது ஃபோர்க்கின் கால்களுக்குள் இருக்கும் புஷ்ஷிங் வளையம்தான்.