அம்மாவுக்கு ஒரு கடற்கரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் பத்து நாள் கிரீஸ் போகிறோம். ஏதென்ஸ், சான்டோரினி, கிரீட் என்று திட்டம். எழுபது வயது அம்மாவும் வருகிறார். முட்டிவலிக்காரர். "ஒரு நாளாவது கடலைப் பார்த்துச் சும்மா உட்கார விடு" என்கிறார். கிரீட்டில் லூத்ரோ என்ற ஊரைப் பற்றி முன்பு இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். அம்மா தினமும் பைபிள் வாசிப்பவர். அது சம்பந்தமாக ஏதாவது இருந்தாலும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு நாள் போதாது. இரண்டு இரவு தங்குங்கள்.

லூத்ரோவுக்குச் சாலை கிடையாது. கிரீட்டின் வடகரை நகரமான ஹானியாவில் பஸ் ஏறி, மலையைத் தாண்டி, தெற்குக் கரையில் ஹோரா ஸ்ஃபாகியோனில் இறங்க வேண்டும். சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி இறக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். அங்கிருந்து படகில் இருபது நிமிடம் போல ஆகும். கார் வராத ஊர் என்பதால் ஹாரன் சத்தம் இல்லை. விரிகுடாவைச் சுற்றி வெள்ளை வீடுகள், நீலக் கதவுகள், தண்ணீருக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டு மேசைகள், அவ்வளவுதான் ஊர். தரைத்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரீட்டின் சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் நடந்து களைத்தவர்களை ஏற்றிக்கொண்டு வரும் படகு, மாலையில் லூத்ரோவைத் தொட்டுவிட்டுப் போகும். அது போனபிறகுதான் ஊர் தன் நிலைக்கு வரும். நான் போனபோது, சாப்பிட்டு முடித்து ஒன்றரை மணி நேரம் அதே நாற்காலியில் இருந்தேன். யாரும் பில்லை நீட்டவில்லை. கேட்ட பிறகுதான் வந்தது, கூடவே வெட்டின தர்பூசணியும் ஒரு சின்னக் குப்பி ராக்கி என்ற திராட்சைச் சாராயமும். இரண்டுக்கும் காசில்லை, அங்கே அது வழக்கம்.

அம்மாவுக்கு ஸ்ஃபாகியா பிட்டா வாங்கிக் கொடுங்கள். நம் போளி மாதிரிதான்: மாவுக்குள் மிசித்ரா என்ற வெண்ணிறப் பாலாடைக்கட்டியை வைத்து மெல்லிசாகத் தட்டி, கல்லில் சுட்டு, மேலே தேன் ஊற்றித் தருவார்கள். ஹோர்த்தா என்று கேட்டால் வேகவைத்த காட்டுக்கீரை, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு வரும்.

அப்புறம், கிளிகா நேரா. 'நல்ல தண்ணீர்' என்றுதான் அர்த்தம். செங்குத்தான பாறைக்குக் கீழே கூழாங்கல் கரை. கோடையில் லூத்ரோவிலிருந்து சிறு படகு போகிறது. அலைக்கு நாலு அடி தள்ளிக் கற்களைக் கையால் விலக்கினேன். முழங்கை ஆழம்கூட இல்லை, குழியின் அடியில் தண்ணீர் கசிந்து நிரம்ப ஆரம்பித்தது. அள்ளிக் குடித்தேன். உப்பே இல்லை, பல் கூசும் குளிர்ச்சி. மலை மேல் பெய்யும் மழையும் உருகும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, இந்தக் கரையில் வந்து வெளியேறுகின்றன. கற்களில் நடக்க அம்மாவுக்குச் செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

பைபிள் என்றீர்களே, அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை அம்மா அங்கேயே உட்கார்ந்து வாசிக்கட்டும். பவுல் கைதியாக ரோமுக்குப் போகும் கப்பல், மழைக்காலத்தைக் கழிக்கப் பேனிக்ஸ் துறைமுகத்தை நாடிப் புறப்பட்டது. வேண்டாம் என்று பவுல் எச்சரித்தும் கேட்கவில்லை. அந்தப் பேனிக்ஸ் லூத்ரோதான், அல்லது மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் குடா என்கிறார்கள். கப்பல் வந்து சேரவே இல்லை. யூரோக்கிலிதோன் காற்று அதைக் கிலவுதா தீவைத் தாண்டி அடித்துக்கொண்டு போய், கடைசியில் மெலித்தாவில், அதாவது மால்டாவில், உடைத்துப் போட்டது. கிலவுதா இன்றைக்குக் காவ்தோஸ். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடலில் நீலக் கோடாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து காதில் கேட்ட பெயர் அப்படிக் கண்ணெதிரே கிடந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்கள் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதே கடலில் இன்றும் காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு முந்தின இரவை லூத்ரோவில் வைக்காதீர்கள். முதலில் அங்கே போய்விட்டு, பிறகு ஹானியாவுக்குத் திரும்புங்கள்.