தட்டில் விழுந்தது பூஞ்சைதான், மருந்து அல்ல

கேள்வி: நியூட்டன் முன்னால் ஆப்பிள் விழுந்தது, ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்தது. பெரிய பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே அதிர்ஷ்டத்தில் வந்தவைதானே? அப்புறம் எதற்கு ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று கோடிகளைக் கொட்ட வேண்டும்?
- கல்லூரி மாணவர், கரூர்

பதில்: எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியிலும்தான் வருடம் தவறாமல் பூஞ்சை விழுகிறது. அதை வழித்துக் கொட்டுவதோடு சரி. நோபல் பரிசு இன்னும் வந்தபாடில்லை.

ஆப்பிளை முதலில் முடித்துவிடுவோம். தோட்டத்தில் ஆப்பிள் விழுவதைப் பார்த்து யோசித்ததாக நியூட்டனே வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார். அது நடந்தது 1666 வாக்கில். ஈர்ப்பு விதியைச் சொன்ன அவருடைய 'பிரின்சிபியா' நூல் வெளிவந்தது 1687-இல். நடுவில் 20 வருடம் கணக்குப் போட்டது ஆப்பிள் இல்லை.

இனி பூஞ்சை, அதாவது பென்சிலின் மருந்து வந்த கதை. 1928 செப்டம்பர் 3-ஆம் தேதி, விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் ஆய்வகத்துக்குத் திரும்பினார் ஃபிளெமிங். கிருமி வளர்த்துக் கழுவாமல் விட்டுப்போன கண்ணாடித் தட்டுகளில் ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் கிருமிகள் கரைந்துபோயிருந்தன. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆறேழு வருடம் முன்பே, மூக்குச் சளியில் கிருமியைக் கரைக்கும் லைசோசைம் என்ற பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர். கரைந்த கிருமி எப்படி இருக்கும் என்பது அந்தக் கண்ணுக்குப் பழக்கம். வேறு யாராவது என்றால் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

உங்கள் கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது. மருந்தோ அப்போது பிறக்கவே இல்லை. பூஞ்சைச் சாறிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுக்க ஃபிளெமிங்கால் முடியவில்லை. 1929-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது நூலகத்தில் ஏறக்குறைய பத்து வருடம் தூங்கியது.

அதை எழுப்பியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ளோரி, செய்ன், ஹீட்லி. போர்க்காலம், கையில் காசில்லை. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. (கோடிகளைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.) பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் கிடைக்காமல், படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கு வைக்கும் பெட்பேனில் வளர்த்தார் ஹீட்லி. பழைய புத்தக அலமாரியையும் குளியல் தொட்டியையும் வைத்துச் சாறு வடிக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்கு உயிரைக் கொல்லும் அளவு கிருமியை ஊசியில் ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பென்சிலின் போட்டார்கள். ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தார் ஹீட்லி. விடிகாலை மூன்றே முக்காலுக்குள் மருந்து கிடைக்காத நான்கும் செத்துவிட்டன. மற்ற நான்கும் உயிரோடு இருந்தன. குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கணைத்திருந்த ஊரில், இருட்டில் சைக்கிள் மிதித்து வீடு போய்ச் சேர்ந்தார் மனிதர்.

அதற்கு மேலும் சுலபமாகவில்லை. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு மருந்து போட்டார்கள். முகமெல்லாம் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியிருந்தவர். ஒரே நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது, பசி வந்தது. மருந்துதான் போதவில்லை. அவருடைய சிறுநீரைப் பிடித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்து அவருக்கே போட்டார்கள். ஐந்தே நாளில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-ஆம் தேதி இறந்துபோனார். மருந்து பலித்தும் மனிதர் பிழைக்கவில்லை.

அந்த வருடமே ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். பியோரியா என்ற ஊரில் இருந்த விவசாயத் துறை ஆய்வகம், மக்காச்சோளம் ஊறிய கழிவுநீரில் பூஞ்சையை வளர்த்துப் பார்த்தது. விளைச்சல் பல மடங்கு கூடியது. இன்னும் நல்ல பூஞ்சை வேண்டும் என்று, விமானப் படையினர் மூலம் ஊர் ஊராக மண் வரவழைத்தார்கள். கடைசியில் 1943-இல் அது உள்ளூர்ச் சந்தையில் அழுகிய ஒரு முலாம்பழத்தில் இருந்தது. இன்றைய பென்சிலின் பூஞ்சைகள் பெரும்பாலும் அதன் வம்சம்தான். 'பார்த்தீர்களா, இதுவும் அதிர்ஷ்டம்' என்பீர்கள். ஒரு ஆய்வகமே பூஞ்சைக்காக அலைந்துகொண்டிருந்தது ஐயா! வேறு ஊரில் அதே பழம் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

1945-இல் ஃபிளெமிங், ஃப்ளோரி, செய்ன் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பங்கு போட்டதே இல்லை அவர்கள். எலிகளோடு விழித்திருந்த ஹீட்லிக்கு 1990-இல் ஆக்ஸ்ஃபோர்ட் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 79.