பத்துக்குப் பத்து அண்ணனா, பாதிப் பொருத்தத் தம்பியா?

கேள்வி: என் தங்கைக்கு ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக ஹெச்.எல்.ஏ. டெஸ்ட் எடுத்ததில் எனக்கு 10/10, தம்பிக்கு 5/10. ஆனால் என் ரத்தம் பி பாசிட்டிவ், அவளுக்கு ஓ பாசிட்டிவ். இதற்கிடையில், 'கே.ஐ.ஆர். டெஸ்ட் எடுத்துப் பாருங்கள், தம்பியே நல்ல டோனராக இருக்கலாம், நோய் திரும்புமா என்றும் தெரிந்துவிடும்' என்கிறார் ஒரு சொந்தக்காரர். எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: ரத்த குரூப் பயத்தை முதலில் விடுங்கள். மஜ்ஜை மாற்றத்தில் அது இரண்டாம்பட்சம்தான். தேவைப்பட்டால் உங்கள் மஜ்ஜையிலிருந்து சிவப்பணுக்களைப் பிரித்துவிட்டுக் கொடுப்பார்கள், சில மாதங்களில் தங்கையின் குரூப்பே பி ஆகிவிடும்.

கல்யாணத்துக்குத்தான் பத்துப் பொருத்தம் என்றில்லை, இங்கேயும் பத்துதான். ஹெச்.எல்.ஏ. என்பது நம் செல்களின் மேல் இருக்கும் அடையாள அட்டை மாதிரி. 6ஆம் குரோமோசோமில் இருக்கிற ஐந்து ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள், அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. உடன்பிறந்தவர் முழுசாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. உங்கள் வீட்டுக்கு அது வாய்த்திருக்கிறது.

சொந்தக்காரர் சொல்வதும் கட்டுக்கதை இல்லை. கே.ஐ.ஆர். என்பது நம் உடம்பில் ரோந்து சுற்றுகிற என்.கே. செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களின் மேல் இருக்கும் உணர்விகள், இவற்றின் மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் இருப்பதால் ஹெச்.எல்.ஏ. பொருந்தியவர்களுக்குக்கூட இது வேறாக இருக்கலாம். எதிரில் வரும் செல்லில் தனக்குப் பழகிய ஹெச்.எல்.ஏ. இல்லையென்றால் என்.கே. செல் அதைத் தாக்கும். இத்தாலியின் பெருஜியா நகர மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பொருத்த டோனர்களின் என்.கே. செல்கள் இப்படித் தாக்க வாய்ப்பிருந்த ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் டி செல்களை (இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்கள்) நீக்கிவிட்டு மஜ்ஜை கொடுத்தார்கள். இப்போது பாதிப் பொருத்தத்தில் பெரும்பாலும் டி செல்களை நீக்காமல், சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து கொடுத்துச் செய்கிறார்கள், அதில் அதே பலன் கிடைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

ஆக, இதை நம்பி 10/10 அண்ணனைத் தள்ளிவிட்டுத் தம்பியிடம் போகிறவர்கள் அபூர்வம். ஒரே அளவு பொருந்துகிற இரண்டு மூன்று டோனர்கள் இருந்தால் யாரை எடுப்பது என்று பார்க்க வேண்டுமானால் கே.ஐ.ஆர். உதவும், உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

நோய் திரும்புமா என்பதை அதிகம் சொல்வது புற்றுநோய் செல்லின் மரபணு மாற்றங்கள்தான், எஃப்.எல்.டி.3, டி.பி.53 மாதிரி. அப்புறம், மாற்று சிகிச்சைக்கு முன் உடம்பில் மிச்ச நோய் எவ்வளவு என்பது. அதற்கு எம்.ஆர்.டி. என்று ஒரு டெஸ்ட் உண்டு, எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.