45 வயதுக்கு மேல் நகரத்தை விட்டுச் சிறிய ஊருக்குக் குடிபோவது சரியா? மதுரைப் பக்கம் எந்த ஊர் அமைதியாக இருக்கும்?

நான் வந்தது 47 வயதில். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து சோழவந்தானுக்கு. நாலு வருஷம் முடிந்துவிட்டது. எனக்கும் மனைவிக்கும் இங்கே சொந்தபந்தம் என்று ஒருவரும் கிடையாது. அதனால் கொஞ்சம் சொல்லத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

அமைதிக்காக மட்டும் வருவதாக இருந்தால் வராதீர்கள். மடிப்பாக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் சத்தமே இருக்காது. இங்கே வந்த முதல் வருஷம் பங்குனியில், தெருமுனைக் காளியம்மன் கோயில் பொங்கலுக்கு மைக்செட் கட்டினார்கள். ஒரு குழாய் சரியாக எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து. காலை நாலரைக்கு அம்மன் பாட்டு. மூன்றாம் நாள் போய்ச் சொல்லிப் பார்த்தேன். மைக்செட் பையன் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டு குழாயைத் திருப்பிவைத்தான். அது எதிர்வீட்டு அப்பத்தாவைப் பார்த்தது. அவர் "நல்லா இப்பத்தான்ப்பா காதுல விழுது" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அதே பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் கோயில் பணம், கேட்டு வந்தார்கள். "நாங்க வாடகைக்குத்தானே இருக்கோம்" என்றேன். வந்தவர் சிரித்தபடி, "வாடகைக்கு இருந்தாலும் ஊர்ல உங்க அடுப்பும் எரியுதுல்ல சார்?" என்றார். கொடுத்தேன். ரசீதில் என் பெயருக்குப் பதில் 'மெட்ராஸ்காரர்' என்று எழுதியிருந்தது. இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் போடும் தம்பிக்கு எங்கள் வீடு மெட்ராஸ்காரர் வீடுதான்.

நீங்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். நகரத்தில் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று குறைபட்டுக்கொண்டே அந்த வசதியை அனுபவித்துக்கொண்டிருப்போம். இங்கே அது போய்விடும். மீன் வாங்கிக்கொண்டு வந்தால் என்ன மீன், கிலோ என்ன விலை என்று கேட்க மூன்று பேர் இருப்பார்கள். இரண்டு நாள் தாடி எடுக்காமல் போனால் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்பார்கள்.

வீடு தேடும்போதே இது தொடங்கிவிடும். முதலில் என்ன வேலை, அப்புறம் சொந்த ஊர் எது, மூன்றாவதாகக் குலதெய்வம் எது. என்ன பக்தி என்று நான் முதலில் வியந்தேன். குலதெய்வத்தைக் கேட்பது சாதியைக் கேட்பதற்கான மரியாதையான வழி என்பது இரண்டாவது வீட்டில்தான் புரிந்தது. ஒரு வீடு அதனாலேயே கைவிட்டுப் போனது. கிராமம் என்றால் வெள்ளந்தி மனிதர்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்டிக்கொள்ளுங்கள், நம்பவேண்டாம்.

சரி, பிறகு ஏன் இங்கேயே இருக்கிறேன்?

இரண்டாவது வருஷம் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு எனக்குக் கல்லடைப்பு. விலாவில் கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி வலி. மனைவி வாசலுக்கு ஓடி நின்றதுதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், அதுவரை அவரோடு நான் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை, லுங்கியோடு வந்து தன் தேங்காய் வண்டியைக் கிளப்பினார். டாடா ஏஸ். முன் சீட்டில் நானும் மனைவியும் ஒடுங்கி உட்கார, பின்னால் காலிச் சாக்குகள் படபடக்க, மதுரைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் என்று அரைமணி நேரம் நிறுத்திவைத்தார்கள். தன் சட்டைப் பையிலிருந்த வசூல் பணத்தை எடுத்துக் கட்டியவரும் அவர்தான். விடியும்வரை இருந்தார். டீசலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் மகளுக்குக் காதுகுத்து. மொய் எழுதப் போனேன். நோட்டில் என் பெயர் ஏறிய அன்றோடு நான் கணக்குக்குள் வந்துவிட்டேன். போன ஆவணியில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகை 11. சிறிய ஊரில் செலவு குறைவு என்பவர்கள் மொய்யைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மொய் போய்ச் சேர்ந்தால் மன்னித்துவிடுவார்கள். சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகாவிட்டால் மன்னிக்கமாட்டார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். கல்லடைப்பு என்பதால் இன்று கதையாகச் சொல்கிறேன். இதய நோய், டயாலிசிஸ் என்று ஏதாவது இருந்தால், மதுரைக்குள்ளேயே ஒரு வீட்டைப் பாருங்கள்.

பணக் கணக்கு: நான் கணக்கு எழுதுகிறவன். மூன்று சிறு நிறுவனங்களின் ஜிஎஸ்டி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். வருமானம் பாதிக்கும் கீழே. வாடகை 22,000 இருந்தது 7,500 ஆனது. பையன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு கிளம்பியதால் பள்ளிக்கூடப் பிரச்சினை இல்லை. இன்வெர்ட்டர் மட்டும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மதுரையைச் சுற்றி ஊர் தேடும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனம், 45,041 ஏக்கர். சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் அதில் வரும். வைகை அணையில் தண்ணீர் இருந்து ஜூனில் கால்வாய் திறந்தால் கிணற்று மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மேலூர்ப் பக்கம் ஒருபோகம். உசிலம்பட்டிப் பக்கம் 58 கிராமக் கால்வாய்த் தண்ணீருக்காக ஒவ்வொரு வருஷமும் கோரிக்கை வைத்துக்கொண்டிருப்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். திருமங்கலமும் வாடிப்பட்டியும் நான்குவழிச் சாலையில் இருப்பதால் போக்குவரத்துக்கு வசதி, மனை விலையும் அதற்கேற்ப. சோழவந்தான் அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி, மதுரை–திண்டுக்கல் ரயில் பாதையில் இருக்கிறது. எனக்கு அது பொருந்தியது.

எடுத்த எடுப்பில் மனை வாங்காதீர்கள். ஒரு வருஷமாவது வாடகைக்கு இருங்கள், ஒரு ஐப்பசி மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் பார்த்துவிடுங்கள். வயலில் கல் ஊன்றிக் கலர் கொடி கட்டியிருக்கும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கம், மனை அங்கீகாரம் மூன்றையும் நீங்களே பாருங்கள். அது பழைய கண்மாய் உள்வாயா, அதாவது முன்பு தண்ணீர் தேங்கிய இடமா என்று பக்கத்தில் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். எனக்கு இது ஆசை, அவருக்கு இது என் ஆசை. முதல் ஆறு மாதம் சாயங்காலமானால் மொட்டைமாடியில் நின்று சென்னைத் தோழிகளோடு போனில் பேசிக்கொண்டே இருப்பார். மாறியது கொடிக்காலால், அதாவது வெற்றிலைத் தோட்டத்தால். எதிர்வீட்டு அப்பத்தாவின் மகன் வெற்றிலை பயிரிட்டிருக்கிறார். (சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவரிடம் கேட்டால் "குறியீடு வந்துச்சு, கூலிக்கு ஆள் வரலையே" என்பார்.) ஒருநாள் அப்பத்தா என் மனைவியை அங்கே கூட்டிப்போனார். கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். அகத்தி நிழலில், வெளியே வெயில் கொளுத்தும் நேரத்திலும் மண் காலுக்குச் சில்லென்று இருந்ததாம். அப்பத்தா கவுளி அடுக்குவதற்கு உட்கார்ந்தார், இவரும் உட்கார்ந்தார். நூறு இலை ஒரு கவுளி. எண்ணுவதாகவே தெரியாது, விரல் மட்டும் ஓடும். இவர் எண்ணியதில் 97 வந்தது. "ஊருக்குப் புதுசு, மூணு வெத்தலை குறைச்சுப் போடுறா" என்று அப்பத்தா சொன்ன கேலி தெரு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் போகிறார். வீட்டில் அகத்திக்கீரைக்குப் பஞ்சமில்லை.

சித்ரா பௌர்ணமியன்று அழகரைப் பார்க்க மதுரைக்குப் போகிற கூட்டத்தில் நாங்கள் சேர்வதில்லை. அன்றைக்கே இங்கே ஜெனக நாராயணப் பெருமாளும் வைகையில் இறங்குகிறார். நடந்து போய்ப் பார்த்துவிட்டு நடந்தே வந்துவிடலாம்.

வீடு பார்க்க வருவதானால் மார்கழிக் குளிரில் வந்து மயங்கிவிடாதீர்கள். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது வாருங்கள். தெரிந்தவர் வீட்டில் நாலு ராத்திரி படுத்துப் பாருங்கள். தூக்கம் வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.