கன்னம் சிவந்து எரிகிறதே, என்ன செய்வது?

கேள்வி: வயது 34. வெயிலில் போய் வந்தாலும், அடுப்படியில் நின்றாலும் கன்னம் சிவந்து எரிகிறது. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமைத் தடவினால் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகிறது. என்ன செய்வது டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவும்போது ரத்தக்குழாய்களைச் சுருக்கும், சிவப்பு மறையும். நாளடைவில் தோல் மெலிந்து, நிறுத்தியதும் குழாய்கள் விரிந்து எரியும். நம் ஊரில் சிவப்பழகுக்கென்றே இதைத் தடவும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. 2018-இல் இத்தகைய 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவிட்டும், கேட்டால் கிடைக்கிறது.

ரொசேஷியா என்கிற, முகம் அடிக்கடி சிவந்து எரியும் தோல் நோயாகவும் இருக்கலாம். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலும் சூடும்தான் அடையாளம். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, அதுவரை? எலுமிச்சை, கடலை மாவு, ஸ்க்ரப் எதுவும் முகத்தில் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். வெளியே கிளம்பும்போது துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். தாளிக்கும்போது ஆவியில் முகத்தைக் காட்டாதீர்கள்.

க்ரீமை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.